பீட்ரிஸ் ஷில்லிங் அம்மையார் – எஞ்சினுக்கு அளவு சொன்னவர்



இந்தச் சுவர் இதழுக்கு ஒரு சாதனையாளரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரச் சொன்னார்கள். எங்கள் வகுப்பில் மேரி கியூரியை மூணு பேர், கல்பனா சாவ்லாவை ரெண்டு பேர் எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்தது பீட்ரிஸ் ஷில்லிங். இங்கிலாந்தில் விமானம், ரேஸ் பைக் பற்றிப் படிக்கிற எல்லாருக்கும் தெரிந்த பெயர் இது. நம்ம பள்ளியில் யாருக்காவது தெரியுமா என்று கேட்டுப் பார்த்தேன், ஒருத்தருக்கும் தெரியல. எனக்கே இப்பதான் தெரியும்.

எப்படித் தெரிந்தது என்றால், லாரி பின்னாடி டர்போன்னு எழுதியிருப்பதை எல்லாரும் பார்த்திருப்பீங்க. அப்படின்னா என்னன்னு என் தாய்மாமாகிட்ட கேட்டேன். மாமா தண்ணி இறைக்கிற எஞ்சின், பவர் டில்லர் எல்லாம் பழுது பார்க்கிற பட்டறை வைத்திருக்கிறார். சனிக்கிழமை ஆனால் நான் அங்கேதான் இருப்பேன். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன், நட்டு போல்ட்டை மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவுவேன்.

மாமா சொன்னதை எழுதுகிறேன். எஞ்சினுக்குச் சாப்பாடு ரெண்டு. ஒண்ணு பெட்ரோல் அல்லது டீசல், இன்னொண்ணு காற்று. எண்ணெயை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். ஆனால் அது எரிவதற்குக் காற்று பத்தலன்னா கரும்புகையாகத்தான் போகும், சக்தி வராது. அதனால் எஞ்சினின் சக்தியைக் கூட்ட வேண்டும் என்றால் முதலில் காற்றை அதிகமாக உள்ளே தள்ள வேண்டும். வெளியே போகிற புகையை வைத்தே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டில் இருக்கிற இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி உள்ளே அனுப்பினால் அது டர்போ. புகைக்குப் பதிலாக எஞ்சினின் சொந்தத் தண்டே பல்சக்கரம் வழியாக அதைச் சுழற்றினால் அதற்கு சூப்பர்சார்ஜர் என்று பெயர். வேலை ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

இதை எங்கள் அறிவியல் டீச்சரிடம் சொன்னபோது, அவர் சூப்பர்சார்ஜர் வைத்த ஒரு விமான எஞ்சினைச் சரி செய்த பெண்ணைப் பற்றிக் கம்ப்யூட்டரில் தேடி எடுத்துத் தந்தார். அவர்தான் நம்ம பீட்ரிஸ் அம்மையார்.

அவர் 1909ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் தேதி இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பகுதியில் உள்ள வாட்டர்லூவில் என்ற ஊரில் பிறந்தார். (மார்ச் 8 மகளிர் தினம். தற்செயல்தான், ஆனாலும் நல்லா இருக்கு இல்ல?) அப்பா கறிக்கடைக்காரர். மூன்று பெண்களில் இவர் கடைசி. அக்காமார் பொம்மை வைத்து விளையாடினார்களோ என்னவோ, இவர் மெக்கானோ என்ற இரும்புத் துண்டுகளைத் திருகாணி போட்டுப் பூட்டி ஏதாவது செய்துகொண்டே இருப்பாராம். அதற்கான போட்டி ஒன்றில் பரிசும் வாங்கினார்.

பதினாலு வயதில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். ராயல் என்ஃபீல்டு! இந்த இடத்தைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் இப்போது பதினாலு வயசு. ராயல் என்ஃபீல்டு என்பது நம்ம புல்லட் வண்டியின் பெயர்தான். அது முதலில் இங்கிலாந்து கம்பெனி, 1955ல்தான் நம்ம சென்னையில் செய்ய ஆரம்பித்தார்கள். பீட்ரிஸ் வாங்கியது புல்லட் இல்லை, சின்ன டூ ஸ்ட்ரோக் வண்டி. ஓட்டுவதோடு நிற்காமல் அதைக் கழற்றிப் பார்த்துத் திரும்பப் பூட்டினார். அப்போதே எஞ்சினியர் ஆவது என்று முடிவு செய்துவிட்டார்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில்கூட பெண் எஞ்சினியர் என்றால் சிரிப்பார்களாம். நல்ல வேளையாக மார்கரெட் பார்ட்ரிட்ஜ் என்று ஒரு அம்மையார் இருந்தார். டெவன் பகுதியில் கிராமங்களுக்குக் கரண்ட் கொடுக்கும் கம்பெனியைச் சொந்தமாக நடத்தியவர். அவர் பீட்ரிஸைத் தொழில் பழகச் சேர்த்துக்கொண்டார். பீட்ரிஸ் வீடு வீடாக ஒயர் இழுத்தார், ஜெனரேட்டர் பூட்டினார். பிறகு அந்த அம்மையாரே வற்புறுத்தி மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அந்த வருடம் அங்கே பொறியியலில் சேர்ந்த பெண்கள் மொத்தம் ரெண்டே பேர். 1932ல் மின் பொறியியலில் பட்டம், அடுத்த வருடமே இயந்திரப் பொறியியலில் மேல்பட்டம்.

இங்கே என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். பட்டறைக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும், பொம்பளப் புள்ளைக்கு கிரீஸ்ல என்ன வேலைன்னு மாமாகிட்ட கேட்பார்கள். பாட்டி என் பாவாடையில் கறை பார்த்தால் அன்றைக்கு முழுக்கத் திட்டும். பத்தாவது முடித்துவிட்டு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் எடுக்கணும்னு எனக்கு ஆசை. மாமாவுக்கு மட்டும் தெரியும், வீட்டில் இன்னும் சொல்லல. இதைப் படிக்கிற யாரும் எங்க வீட்டில் போய்ச் சொல்லாதீங்க, நானே சொல்லிக்கிறேன்.

சரி, கதைக்கு வருவோம். இங்கிலாந்தில் புரூக்லேண்ட்ஸ் என்று ஒரு புகழ்பெற்ற ரேஸ் பாதை இருந்தது. அங்கே ஒரு சுற்றை மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டினால் தங்க நட்சத்திரம் தருவார்கள். பீட்ரிஸ் ஒரு 500 சிசி நார்ட்டன் வண்டியைத் தானே மாற்றி அமைத்து, 1934ல் 106 மைல் வேகத்தில் சுற்றினார். நம்ம கணக்கில் சுமார் 170 கிலோமீட்டர். மோட்டார் சைக்கிளில் அந்த நட்சத்திரம் வாங்கிய பெண்கள் மூன்று பேர்தான், அதில் இவர் ஒருவர். 1938ல் ஜார்ஜ் நெய்லர் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அவரும் அந்த நட்சத்திரத்தை வாங்கினால்தான் கல்யாணம் என்று சொல்லிவிட்டதாக ஒரு கதை இருக்கிறது. கதையாகவே இருந்தாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

1936ல் ஃபார்ன்பரோ என்ற இடத்தில் இருந்த அரசு விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. முதலில் புத்தகக் குறிப்பு எழுதும் வேலைதான் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் எஞ்சின் பகுதிக்கு மாறி, கார்புரேட்டரில் கைதேர்ந்தவர் ஆனார். பெட்ரோலையும் காற்றையும் சரியான அளவில் கலந்து கொடுப்பதுதான் கார்புரேட்டர்.

இரண்டாம் உலகப்போர் 1939ல் ஆரம்பித்தது. பிரிட்டனிடம் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் என்ற சண்டை விமானங்கள் இருந்தன. ரெண்டுக்கும் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியின் மெர்லின் எஞ்சின். 12 சிலிண்டர், 27 லிட்டர். நம்ம ஊரில் ஓடுகிற 100 சிசி பைக் 270 சேர்ந்தால் ஒரு மெர்லின்! மேலே போகப் போகக் காற்று மெலிசாகிவிடும் என்பதால் அதற்கு சூப்பர்சார்ஜர் வைத்திருந்தார்கள்.

அந்த எஞ்சினையும் இன்னும் முறுக்கேற்றினார்கள். சாதாரண விமானப் பெட்ரோலில் காற்றை ரொம்ப அமுக்கினால், எரிய வேண்டிய நேரத்துக்கு முன்னாலேயே தானாகத் தீப்பிடித்து எஞ்சின் டொக் டொக்கென்று தட்டும், பிஸ்டன் கெட்டுவிடும். 1940ல் 100 ஆக்டேன் என்ற உயர்ந்த பெட்ரோல் கைக்கு வந்ததும் தைரியமாக அமுக்கினார்கள். சதுர அங்குலத்துக்கு 6.25 பவுண்டாக இருந்த கூடுதல் காற்றழுத்தம் 12 பவுண்டு ஆனது. சக்தி 1,030 குதிரைத்திறனிலிருந்து 1,310 வரை ஏறியது. எஞ்சின் அதேதான், ஒரு சிலிண்டர்கூடக் கூடவில்லை.

ஆனால் இவ்வளவு சக்தி இருந்தும் ஒரு இடத்தில் அந்த எஞ்சின் கைவிட்டது. ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தைத் துரத்திப் போகும்போது அது திடீரென்று மூக்கைக் கீழே கவிழ்த்துப் பாயும். பிரிட்டன் விமானியும் அதே மாதிரி கவிழ்த்தால், எஞ்சின் இருமி, கரும்புகை கக்கி, சில நேரம் நின்றேவிடும். எதிரி அதற்குள் தப்பிவிடுவான். பின்னால் வேறு எதிரி இருந்தால் உயிர் போகும்.

ஏன் அப்படி? வீட்டு மாடித் தொட்டியில் தண்ணி நிறைந்ததும் மிதவை மேலே ஏறி குழாயை மூடும் அல்லவா, கார்புரேட்டரிலும் அதே போல ஒரு மிதவைத் தொட்டி உண்டு. பெட்ரோல் தொட்டியின் அடியில் இருக்கும் வரைக்கும்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். ராட்டினத்தில் மேலேயிருந்து இறங்கும்போது வயிறு மேலே தூக்குமே, விமானம் சட்டென்று கவிழும்போது அதே மாதிரி பெட்ரோல் முழுக்கத் தொட்டியின் மேல்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். எஞ்சினுக்கு ஒரு கணம் பெட்ரோல் கிடைக்காது. அது முதல் இருமல். பிறகு மிதவை ஏமாந்து குழாயை முழுசாகத் திறந்துவிட, பெட்ரோல் வெள்ளமாகப் பாயும். காற்றுக்கு மீறிய பெட்ரோல். அதுதான் கரும்புகை, அதுதான் பெரிய ஆபத்து. ஜெர்மன் எஞ்சினில் கார்புரேட்டரே கிடையாது, பம்ப் நேராக சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும். அதனால் அவர்கள் எப்படிக் கவிழ்ந்தாலும் கவலை இல்லை. பிரிட்டன் விமானிகள் முதலில் தலைகீழாகப் புரண்டு அப்புறம் பாய வேண்டியிருந்தது.

புது கார்புரேட்டர் செய்யப் பல மாதம் ஆகும். எஞ்சினைக் கழற்றினால் விமானம் தரையில் நிற்கும். சண்டையோ தினமும் நடக்கிறது.

பீட்ரிஸ் அம்மையார் கேட்ட கேள்வி என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்தேன். இந்த எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது எவ்வளவு பெட்ரோல் குடிக்கும்? அந்த அளவுக்கு மேல் ஒரு சொட்டுகூட வராமல் செய்துவிட்டால் வெள்ளம் எங்கிருந்து வரும்? கணக்குப் போட்டு, பரிசோதித்து, பெட்ரோல் வரும் குழாயில் வைக்க ஒரு சின்னப் பித்தளைத் துண்டு செய்தார். நடுவில் ஒரு ஓட்டை. முதலில் தையல்காரர் விரல் நுனியில் மாட்டும் தொப்பி மாதிரி இருந்தது, அப்புறம் தட்டையான வாஷராகவே ஆகிவிட்டது. ஓட்டை கொஞ்சம் சிறிசானால் எஞ்சினுக்குப் பசி, சக்தி குறையும். கொஞ்சம் பெரிசானால் மறுபடி வெள்ளம். காற்றழுத்தத்தைக் கூட்டினால் எஞ்சின் அதிகம் குடிக்கும் அல்லவா, அதனால் 12 பவுண்டு அழுத்தத்துக்கு ஒரு அளவு, 15 பவுண்டுக்கு ஒரு அளவு என்று ரெண்டு வகை செய்தார்கள்.

சக்தியைக் கூட்டுவது என்றால் இன்னும் ஊற்று, இன்னும் தள்ளு என்றுதான் நான் நினைத்திருந்தேன். இங்கே குறைத்ததால் அல்லவா எஞ்சின் பிழைத்தது! மாமாகிட்ட சொன்னபோது அவர் ரொம்ப நேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

இதைப் பூட்ட எஞ்சினைக் கழற்ற வேண்டாம், விமானத்தை எங்கும் அனுப்ப வேண்டாம். பீட்ரிஸ் ஒரு சின்னக் குழுவோடு விமானத் தளங்களுக்கே நேரில் போய்ப் பூட்டிக் கொடுத்தார். அவர் தன்னுடைய பழைய நார்ட்டன் பைக்கிலேயே போவாராம். 1941 மார்ச்சுக்குள் சண்டை விமானப் பிரிவு முழுக்கப் பூட்டி முடித்தார்கள். விமானிகள் அந்த வளையத்துக்கு அவர் பெயரையே வைத்து வேடிக்கையாகக் கூப்பிட்டார்கள்.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிரிட்டன் வான்போரில் ஜெயித்ததே இந்த வளையத்தால்தான் என்று சிலர் எழுதுகிறார்கள். அந்த வான்போர் 1940 ஜூலையிலிருந்து அக்டோபர் வரை நடந்தது. வளையம் எல்லா விமானத்துக்கும் போய்ச் சேர்ந்தது 1941ல். தேதியைப் பார்த்தாலே தெரிகிறது. அது மட்டும் இல்லை, முதல் இருமல் இதனால் போகவில்லை, ரெண்டாவது வெள்ளம்தான் நின்றது. முழுத் தீர்வு புது வகைக் கார்புரேட்டர் வந்த பிறகுதான். அதுவரை உயிரோடு பறக்க வைத்தது இந்த வளையம். அது போதாதா?

நமக்கும் மெர்லின் எஞ்சினுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. நம்ம சென்னை மாகாணத்திலிருந்து போர் விமானங்களுக்காக நன்கொடை போனது. அதனால் 264ஆம் பிரிவுக்கு மெட்ராஸ் பிரசிடென்சி ஸ்குவாட்ரன் என்றே பெயர் வைத்தார்கள். 1940ல் அவர்கள் ஓட்டிய டிஃபையன்ட் விமானத்திலும் மெர்லின்தான். சமூக அறிவியல் சாருக்கே இது புதுசாம்!

போருக்குப் பிறகு அரசு அவருக்கு ஓ.பி.இ. விருது கொடுத்தது. அதே நிலையத்தில் 1969 வரை வேலை பார்த்தார். ராக்கெட், மழை நனைத்த ஓடுபாதையில் பிரேக் பிடிப்பது என்று பல ஆராய்ச்சி செய்தார். வீட்டுப் பட்டறையில் கணவரும் மனைவியும் சேர்ந்து கார்களை மாற்றி அமைத்து ரேஸ் ஓட்டினார்கள். ஐம்பது வயதுக்கு மேல் ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் காரில் குட்வுட் மைதானத்தில் ஒரு போட்டி ஜெயித்திருக்கிறார். 1967ல் அமெரிக்க வீரர் டான் கர்னியின் ஃபார்முலா ஒன் கார் சூடாகி மக்கர் பண்ணியபோது இவரைத்தான் உதவிக்குக் கூப்பிட்டார்கள்.

1990 நவம்பர் 18ஆம் தேதி காலமானார். வயது 81. லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரியில் ஒரு பொறியியல் கட்டிடத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பின்குறிப்பு: இந்தத் தாளின் ஓரத்தில் நூலால் கட்டித் தொங்கவிட்டிருக்கும் வாஷர் மாமா பட்டறையில் எடுத்தது. பீட்ரிஸ் அம்மையார் செய்தது எந்த மாதிரி இருந்திருக்கும் என்று காட்டத்தான். தொட்டுப் பார்க்கலாம். யாரும் பிய்த்துக்கொண்டு போயிடாதீங்க, திங்கட்கிழமை மாமாகிட்ட திருப்பித் தரணும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி