நோய்முதல் கண்ட லாவெரான்

காய்ச்சல் என்பது தனியொரு நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவான அடையாளம். உடல் ஒரே வகையாகக் கொதிப்பினும், அதன் காரணம் ஆளுக்கு ஆள் வேறுபடும். காரணம் அறியாது கொடுக்கும் மருந்து சில வேளைகளில் நோயைத் தீர்க்கும். சில வேளைகளில் நோயாளியையே தீர்த்துவிடும். மலேரியாக் காய்ச்சலின் காரணத்தைக் கண்ணாரக் கண்டு, மருந்தை அறிந்து வழங்கும் வழியை உலகிற்குத் திறந்துவிட்டவர் அல்போன்சு லாவெரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் ஆவார்.

லாவெரான் 1845ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் பாரிசு மாநகரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் படை மருத்துவர். ஆதலின், இளமையிலேயே குடும்பத்துடன் வட ஆப்பிரிக்காவிலுள்ள அல்சீரியா நாட்டிற்குச் சென்று சில ஆண்டுகள் வாழும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. பின்னர் ஸ்ட்ராஸ்பர்க்கு நகரில் மருத்துவம் பயின்று, 1867இல் பட்டம் பெற்றார். தந்தையார் சென்ற நெறியிலேயே தாமும் படை மருத்துவரானார். 1870இல் பிரான்சுக்கும் பிரஷியாவுக்கும் போர் மூண்டபோது, காயமுற்ற வீரர்களுக்கு மருத்துவம் புரிந்தார். 1874இல், தந்தையார் முன்பு வகித்த ஆசிரியப் பதவியே பாரிசுப் படை மருத்துவப் பள்ளியில் அவருக்கும் கிடைத்தது. அப்பதவிக் காலம் முடிந்ததும், 1878இல் அவர் அல்சீரியாவிலுள்ள போன் என்னும் துறைமுக நகருக்கு அனுப்பப்பட்டார். அந்நகர் இன்று அன்னாபா என வழங்குகின்றது.

அக்காலத்தில் அல்சீரியாவிலிருந்த பிரெஞ்சு வீரர்களைப் பகைவரினும் மிகுதியாக வருத்தியது மலேரியாக் காய்ச்சலே. முதலில் பற்கள் கிட்டும்படி குளிர் நடுக்கும். அடுத்து உடல் நெருப்பாய்க் கொதிக்கும். பின்னர் வியர்வை பெருகிக் காய்ச்சல் தணியும். நோய் நீங்கிற்று என்று எண்ணியிருக்கையில், முறை வைத்தாற்போல் அது மீண்டும் வரும். சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே இதற்குக் காரணம் என மக்கள் நம்பினர். மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லுக்குக் கெட்ட காற்று என்பதே பொருள்.

இந்நோய்க்கு மருந்து இல்லாமலில்லை. தென்னமெரிக்க மலைகளில் வளரும் சிங்கோனா மரத்தின் பட்டை, பதினேழாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவை அடைந்திருந்தது. ஆயினும், ஒரு மரத்தின் பட்டைக்கு இருந்த ஆற்றல் மற்றொரு மரத்தின் பட்டைக்கு இருப்பதில்லை. 1820இல் பெல்லத்தியே, காவந்து என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் அப்பட்டையிலிருந்து கொய்னாவைப் பிரித்தெடுத்தனர். அது முதல் மருந்தை நிறுத்து அளவோடு கொடுத்தல் இயன்றது. 1834இல் அதே போன் நகரில் மையோ என்னும் மருத்துவர், நோய் தொடங்கியவுடனேயே தக்க அளவில் கொய்னாவைக் கொடுத்து, இறப்பைப் பெரிதும் குறைத்துக் காட்டினார்.

எனினும் பெருங்குறை ஒன்று எஞ்சி நின்றது. கொய்னா உடலினுள் எதனைத் தாக்குகின்றது என்பதை எவரும் அறியார். வந்த காய்ச்சல் மலேரியாதானா என்று உறுதியாய்ச் சொல்லவும் வழியில்லை. குடற்காய்ச்சலால் வருந்துவோர்க்கும் கொய்னா கொடுக்கப்பட்டது; அதனால் அவர்க்குப் பயனில்லை. அளவு குறைந்தால் நோய் தீராது, அளவு மிகுந்தால் காது இரையும், பார்வை மங்கும். நல்ல மருந்து கையிலிருந்தும், மருத்துவர்கள் இருளில் அம்பு எய்வாரைப் போலவே இருந்தனர்.

இவ்விருளை நீக்க லாவெரான் உறுதி பூண்டார். மலேரியாவால் இறந்தோரின் உடலுறுப்புகளில் கரிய துகள்கள் படிந்திருத்தலைப் பிறரும் கண்டிருந்தனர், அவரும் கண்டார். அத்துகள்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை அறிய, உயிரோடிருக்கும் நோயாளிகளின் குருதியை ஆராயத் தொடங்கினார். 1880இல் அவர் கான்ஸ்டன்டைன் நகரின் படை மருத்துவமனையில் பணியாற்றிக் கொண்டிருந்தார். அவ்வாண்டு நவம்பர் 6ஆம் நாள், காய்ச்சலுற்ற வீரர் ஒருவரின் குருதித் துளியை, சாயம் ஏதும் ஊட்டாது, எடுத்தவாறே உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கினார். கரிய துகள்களைத் தாங்கிய உருண்டை வடிவம் ஒன்று தோன்றியது. அதன் விளிம்பிலிருந்து மெல்லிய இழைகள் சாட்டைபோற் சுழன்று, அருகிலிருந்த சிவப்பணுக்களைத் தள்ளின. தாம் காண்பது உயிருள்ள பொருள் என்பதில் அவருக்கு ஐயமில்லை. மலேரியாவுக்குக் காரணம் கெட்ட காற்றன்று, குருதியில் வாழும் நுண்ணுயிரே என்பது அன்று புலனாயிற்று.

ஒரு துளியைக் கண்டு அவர் நின்றுவிடவில்லை. 192 நோயாளிகளின் குருதியை ஆராய்ந்து, 148 பேரிடம் அந்நுண்ணுயிரின் அடையாளத்தைக் கண்டார். கொய்னா உட்கொண்டோரின் குருதியிலிருந்து அவ்வுயிர்கள் மறைவதையும் கண்டார். அம்மருந்து நோயின் வேரையே அழிக்கின்றது என்பது தெளிவாயிற்று. நோய் இன்னது என அறிதற்கும், மருந்து தன் பணியை முடித்ததா எனச் சோதித்தற்கும் ஒரு துளிக் குருதியே சான்றாயிற்று.

புதிய உண்மையை உலகம் எளிதில் ஏற்பதில்லை. சதுப்பு மண்ணில் வாழும் வேறொரு கிருமியே மலேரியாவை உண்டாக்குகின்றது என்று புகழ்பெற்ற அறிஞர் சிலர் அப்போது கூறி வந்தனர். லாவெரான் எவருடனும் பூசலிடவில்லை. 1882இல் உரோமாபுரிக்குச் சென்று, அங்குள்ள நோயாளிகளின் குருதியிலும் அதே உயிரைக் கண்டார். 1884இல் லூயி பாஸ்டரும் அவர் கூற்றை மெய்யென ஏற்றுக்கொண்டார். ஆயினும் படைத்துறை அவருக்கு ஆராய்ச்சிக்கேற்ற பதவி எதனையும் அளிக்கவில்லை. ஆதலின் அவர் அப்பணியைத் துறந்து, பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் மதிப்புறு பணியாளராகச் சேர்ந்தார்.

லாவெரான் ஏற்றிய விளக்கிலிருந்து மற்றொரு விளக்கும் ஏற்றப்பட்டது. 1894இல் இலண்டனில் மான்சன் என்னும் மருத்துவர், லாவெரான் கண்ட உயிரை ரொனால்டு ராசுக்கு உருப்பெருக்கியிற் காட்டினார். இந்தியா திரும்பிய ராசு, 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் சிகந்தராபாத்தில் ஒரு கொசுவின் வயிற்றினுள் அவ்வுயிரைக் கண்டார். 1902இல் ராசும், 1907இல் லாவெரானும் நோபெல் பரிசு பெற்றனர். லாவெரான் தம் பரிசுத் தொகையில் பாதியை, வெப்ப நாட்டு நோய்களை ஆராயும் கூடம் ஒன்றை நிறுவ வழங்கினார். இறுதிவரை ஆராய்ச்சியிலேயே ஈடுபட்டு, 1922 மே 18ஆம் நாள் மறைந்தார்.

அவர் காட்டிய நெறியே இன்றும் மருத்துவ உலகின் நெறியாகும். காய்ச்சல் கண்டவுடன் குருதியைச் சோதித்து, மலேரியா எனத் தெளிந்த பின்னரே மருத்துவர் மருந்து குறிக்கின்றார். மலேரியா உயிர்களுள் சில வகை, குருதியிலிருந்து நீங்கிய பின்னும் கல்லீரலில் ஒளிந்திருக்கும். அவற்றை அழிக்க வேறொரு மருந்தைப் பல நாள் உண்ண வேண்டும். அம்மருந்து கருவுற்ற மகளிர்க்கும் கைக்குழந்தைகளுக்கும் ஆகாது. வேறு சிலருக்கோ சிவப்பணுக்களைச் சிதைத்துத் தீங்கு செய்யும். ஆதலின், ஒருவர்க்குக் குறித்த மருந்தை மற்றொருவர் உண்ணுதல் கூடாது. காய்ச்சல் தணிந்தது என்று பாதியில் நிறுத்துதலும் கூடாது. எஞ்சிய உயிர்கள் மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காத இனமும் தோன்றும். முன்னர்ச் சிறந்து விளங்கிய குளோரோகுயின் என்னும் மருந்து, பல நாடுகளில் கொடிய வகை மலேரியாவிடம் இவ்வாறு தன் வலிமையை இழந்தது.

மலேரியா பரவிய நாட்டிற்குச் செல்வோர்க்கு நோய் வாராமற் காக்கும் மருந்தும் உண்டு. மருத்துவர் சொற்படி அதனைப் புறப்படுமுன்னரே தொடங்கி, அங்குத் தங்கும் நாளெல்லாம் தவறாது உண்டு, திரும்பிய பின்னும் அவர் குறித்த நாள்வரை தொடர்தல் வேண்டும். கொசு கடித்தபோது உட்புகுந்த உயிர், சில நாள் கல்லீரலில் வளர்ந்த பின்னரே குருதியில் வெளிப்படுவது இதற்குக் காரணம். மருந்து உண்பவரும் கொசுவலையைக் கைவிடலாகாது.

மருந்தின் சிறப்பு அதன் ஆற்றலில் மட்டும் இல்லை. அறிந்து கொடுப்பதிலும், அளவறிந்து உண்பதிலும் இருக்கின்றது. ஊகத்தை நம்பாது ஒரு துளிக் குருதியை உற்று நோக்கிய லாவெரான், இவ்வுண்மையை மக்கள் குலத்திற்கு விளக்கிச் சென்றார்.