ஞாயிறு விடுமுறைக்குத் துணைநின்ற கப்பல் நிறுவனர்

வ.உ.சிதம்பரம் பிள்ளை என்றதும் நம்மில் பலருக்குக் கப்பல்தான் நினைவுக்கு வரும். பள்ளிப் பேச்சுப்போட்டிகளில் நானும் அந்தக் கப்பலைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் பல்கலைக்கழகத்தில் வர்த்தகம் படிக்கத் தொடங்கிய பிறகு, அவர் வாழ்க்கையின் ஒன்பது நாள்கள்தான் என்னை அதிகம் யோசிக்க வைக்கின்றன. அது ஒரு பஞ்சாலை வேலைநிறுத்தத்தின் கதை.

வ.உ.சி. 1872 செப்டம்பர் 5ஆம் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையைப் போலவே வழக்கறிஞரானார். 1900ல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். அங்கிருந்து கொழும்புக்கு ஆளும் சரக்கும் ஏற்றிச்சென்ற தொழில், பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் கையில் இருந்தது. அதற்குப் போட்டியாக 1906ல் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தைப் பதிவுசெய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய். ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு கப்பல்கள் 1907ல் வந்துசேர்ந்தன. எதிரி நிறுவனம் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசி நிறுவனம் எட்டணாவாகக் குறைத்தது. பிறகு எதிரி நிறுவனம் இலவசப் பயணம் தந்து, கையில் ஒரு குடையும் கொடுத்தது! இன்றைய செயலி நிறுவனங்களின் விலைப்போட்டியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல.

இந்த நெருக்கடியில் இருந்த ஒரு நிறுவனர், வேறொரு நிறுவனத்தின் தொழிலாளர் பிரச்சினையில் தலையிட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தும் தலையிட்டார்.

தூத்துக்குடியில் ஹார்வி நிறுவனத்தார் நடத்திய கோரல் ஆலை இருந்தது. வேலை நேரம் நீளம், கூலி குறைவு, வாராந்தர விடுமுறை இல்லை. 1908 பிப்ரவரி 23ஆம் தேதி வ.உ.சி. அந்த ஆலைத் தொழிலாளர்களின் நிலையைப் பற்றிப் பொதுக்கூட்டத்தில் பேசினார். நான்கு நாள்களில் அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். சுப்பிரமணிய சிவாவும் உடன் நின்றார்.

வேலைநிறுத்தத்தை வெறும் ஆவேசமாக நினைப்பவர்கள் உண்டு. கூலி வராத வீட்டில் அடுப்பு எரிவது எப்படி என்பதுதான் அதன் உண்மையான கேள்வி. வ.உ.சி. அதைப் புரிந்துகொண்டிருந்தார். ஊரில் பணம் திரட்டித் தொழிலாளர் குடும்பங்களுக்கு உதவினார். சிலருக்கு மாற்றுவேலை கிடைக்கவும் வழிசெய்தார். இவையில்லாமல் ஒன்பது நாள் தாக்குப்பிடித்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

மார்ச் 6ஆம் தேதி ஆலையின் தலைமை எழுத்தர் அவரைத் தேடிவந்தார். நிர்வாகம் இறங்கிவரத் தயார் என்றார். சுமார் 50 தொழிலாளர்களுடன் வ.உ.சி. நிர்வாகிகளைச் சந்தித்தார். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையானது. வங்காளத்தில் ‘வந்தே மாதரம்’ இதழில் அரவிந்தர் இந்த வெற்றியைப் பாராட்டி எழுதினார்.

வெள்ளையர் ஆலை என்பதால்தானே எதிர்த்தார், இதில் அரசியல் இல்லையா என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். இருந்தது. ஆனால் பெற்றுத்தந்தவை கூலி, நேரம், ஓய்வு. மூன்றுமே வேலையிடத்தில் தொட்டுப் பார்க்கக்கூடியவை.

நிறுவனங்கள் மனித உரிமைகளை மதிக்கவேண்டிய பொறுப்பை ஐக்கிய நாட்டு நிறுவனம் வழிகாட்டிக் கொள்கைகளாக ஏற்றது 2011ல்தான். பாதிக்கப்பட்டவர் புகார் சொல்ல ஒரு வழி இருக்கவேண்டும் என்பதும் அவற்றில் அடக்கம். சிங்கப்பூர்ப் பங்குச் சந்தை, 2016ல் நீடித்த நிலைத்தன்மை அறிக்கையைப் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் கடமையாக்கியது. எங்கள் வகுப்புகளில் அப்படிப்பட்ட அறிக்கைகளை நிறையப் படிக்கிறோம். பளபளக்கும் படங்களைத் தாண்டி, ஊழியர் யாரிடம் போய் முறையிடலாம் என்ற பக்கத்தைத்தான் நான் முதலில் தேடுவேன். கோரல் ஆலையில் அப்படி ஒரு பக்கமும் இல்லை, வாசலும் இல்லை. அதனால்தான் ஒரு வழக்கறிஞர் வாசலாக மாற வேண்டியிருந்தது.

ஞாயிறு மாலை சுவா சூ காங்கிலிருந்து தேக்காவுக்குப் போகும்போதெல்லாம் சிராங்கூன் சாலையில் நடக்க இடமிருக்காது. வெளிநாட்டு ஊழியர்கள் கூட்டங்கூட்டமாக நின்று ஊர்க்கதை பேசுவார்கள். கூட்டத்தைப் பார்த்து முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள். வாரம் ஓர் ஓய்வுநாள் என்பது இங்கு வேலை நியமனச் சட்டத்தில் உள்ளது. ஆனால் இல்லப் பணிப்பெண்கள் அச்சட்டத்தின்கீழ் வருவதில்லை. பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாத ஓய்வுநாள், மாதத்துக்கு ஒன்றாவது அவர்களுக்குக் கட்டாயமானது 2023ல்தான். ஓய்வுநாள் எங்கும் தானாக வந்துவிடுவதில்லை.

வ.உ.சி.க்கு அந்த ஞாயிறின் விலை அதிகம். ஒப்பந்தம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மார்ச் 12ஆம் தேதி கைதானார். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம் வெடித்தது, துப்பாக்கிச்சூட்டில் நால்வர் இறந்தனர். கோரல் ஆலைத் தொழிலாளர்கள் மீண்டும் வேலையை நிறுத்தினார்கள். இம்முறை கூலிக்காக அல்ல, அவருக்காக.

ஜூலையில் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். அவர் உள்ளே இருந்தபோதே, 1911ல், கப்பல் நிறுவனம் கலைக்கப்பட்டது. ‘காலியா’ போட்டி நிறுவனத்திடமே போய்ச்சேர்ந்தது.

1912 டிசம்பரில் வெளியே வந்தவரிடம் கப்பலும் இல்லை, வழக்கறிஞர் உரிமமும் இல்லை. சென்னையில் மளிகைக்கடை நடத்திப் பிழைத்தார். அந்த வறுமையிலும் தொழிற்சங்கப் பணிகளை விடவில்லை. நீதிபதி வாலஸ் என்ற ஆங்கிலேயர் பின்னாளில் உரிமத்தை மீட்டுத் தந்தார். நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலீஸ்வரன் என்று பெயரிட்டார் வ.உ.சி. ஆளைப் பார்க்காமல் செயலைப் பார்த்தவர் என்பதற்கு இதைவிட எனக்குச் சான்று வேண்டாம்.

1936 நவம்பர் 18ஆம் தேதி தூத்துக்குடியில் காலமானார். அவர் எழுதிவைத்த உயிலில், அடைக்கவேண்டிய கடன்களின் பட்டியலும் இருந்தது.