கப்பல் கம்பெனியின் உதவிச் செயலாளர்

செக்கிழுத்த செம்மல் என்றதும் நம் மாணவியர் கண்முன் ஒரு படம் வந்து நிற்கும். சிறை உடையில், மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டப்பட்டு, வியர்வை சொட்டச் சொட்ட நடக்கும் ஒரு மனிதர். பாடநூலிலும் அந்தப் படம்தான். 1961ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கும் அந்தக் காட்சிதான் நினைவில் நிற்கிறது. எட்டாம் வகுப்பில் ஒரு நாள், சிறைக்குப் போகும் முன் வ. உ. சிதம்பரம் பிள்ளை என்ன வேலை செய்தார் என்று கேட்டேன். கப்பல் ஓட்டினார் என்று பல குரல்கள் எழுந்தன. சுக்கான் பிடித்தா ஓட்டினார் என்று திருப்பிக் கேட்டதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்த அமைதிக்கு விடையாகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

அவர் மாலுமி அல்லர், வக்கீல். 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். தந்தையும் வக்கீல். சட்டத் தேர்வில் தேறி, ஊரிலேயே சில ஆண்டுகள் தொழில் செய்துவிட்டு, 1900ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். இளமைப் பருவத்தைப் பற்றி இவ்வளவு போதும். நமக்கு வேண்டிய கதை தூத்துக்குடிக் கடற்கரையில் தொடங்குகிறது.

அக்காலத்துத் தூத்துக்குடியை மனத்தில் எண்ணிப் பாருங்கள். இன்று இருக்கும் பெரிய துறைமுகம் அப்போது இல்லை. கரையோரம் ஆழம் குறைவு. ஆகையால் நீராவிக் கப்பல்கள் சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் மூட்டைகளையும் படகுகளில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தனுஷ்கோடி - தலைமன்னார் வழி 1914ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் கொழும்புக்குச் செல்லும் வணிகர்களும், தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளும் ரயிலில் தூத்துக்குடிக்கு வந்து கப்பல் ஏறினார்கள். அரிசி, துணி, கருவாடு எல்லாம் அந்த வழியேதான். இந்தப் போக்குவரத்து முழுவதும் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி என்ற ஒரே ஆங்கிலக் கம்பெனியின் கையில் இருந்தது. தூத்துக்குடியில் அதற்கு ஏஜெண்டுகள் ஹார்வி கம்பெனியார். போட்டிக்கு ஆள் இல்லாத இடத்தில் கட்டணத்தை வைப்பவன் யார், மரியாதைக் குறைவைப் பொறுத்துக்கொள்பவன் யார் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

உள்ளூர் வணிகர்கள் முதலில் செய்த முயற்சி, சொந்தக் கப்பல் இன்றி வாடகைக் கப்பல் கொண்டு தொழில் நடத்துவது. பம்பாயைச் சேர்ந்த ஷா லைன் என்ற நிறுவனத்திடம் கப்பல்களை அமர்த்திக்கொண்டார்கள். ஆங்கிலக் கம்பெனி பேசாமல் இருக்குமா? ஷா லைனை நெருக்கியது. கப்பல்கள் திரும்பிப் போய்விட்டன. பயணச்சீட்டு வாங்கியவர்களும் சரக்குக் கட்டியவர்களும் காத்திருக்கும்போது கப்பல் இல்லை என்று கைவிரிக்கும் நிலை. சிதம்பரனார் உடனே கொழும்புக்குப் போய் வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்து வந்து தடையில்லாமல் ஓட வைத்தார்.

இங்கே அவர் கற்ற பாடம் ஒன்று உண்டு. வாடகைக் கப்பலில் தலைவனும் மாலுமிகளும் கப்பல் உடையவனின் ஆட்கள். வாடகைக்கு எடுத்தவன் எங்கே போக வேண்டும், எதை ஏற்ற வேண்டும் என்று சொல்லலாம்; அவ்வளவுதான். உடையவன் மனம் மாறினால் ஒரே நாளில் தொழில் நின்றுவிடும். கப்பல் நம்முடையதாக இருந்தால் அந்தப் பயம் இல்லை. ஆனால் பழுது பார்ப்பது, நிலக்கரி வாங்குவது, சம்பளம் கொடுப்பது, ஆபத்து நேர்ந்தால் ஈடு செய்வது எல்லாம் நம் தலையில் விழும். இரண்டில் பின்னதைச் சுமக்க அவர் துணிந்தார்.

1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதை 40,000 பங்குகளாகப் பிரித்து, ஒரு பங்கு 25 ரூபாய் என்று வைத்தார்கள். ஐந்து பெரிய பணக்காரர்களிடம் இரண்டிரண்டு லட்சம் வாங்கியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். 25 ரூபாய் என்று வைத்ததால் நடுத்தரக் குடும்பத்தாரும் முயன்றால் ஒரு பங்கு வாங்க முடிந்தது. இந்தியர், இலங்கையர் முதலிய ஆசிய மக்களே பங்குதாரர் ஆகலாம் என்பது விதி. ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் மட்டும் 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் எடுத்துக் கை கொடுத்தார்.

கம்பெனியின் தலைவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901ஆம் ஆண்டில் நிறுவிய அதே தமிழ்ப் பெருமகன்தான். சேலம் விஜயராகவாச்சாரியார் சட்ட ஆலோசகர்களுள் ஒருவர். சிதம்பரனாருக்கு என்ன பதவி தெரியுமா? உதவிச் செயலாளர்! முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. நம் பள்ளி ஆண்டு விழாவை நினைத்துப் பாருங்கள். தலைமை தாங்குபவர் பெயர் அழைப்பிதழில் மேலே இருக்கும். பந்தல் போட்டாயிற்றா, ஒலிபெருக்கி வந்ததா, பரிசுப் புத்தகம் போதுமா என்று ஓடுகிறவர் பெயர் கீழே எங்கோ இருக்கும். சில சமயம் இருக்கவே இருக்காது. கம்பெனியில் அந்த ஓடுகிறவர் இவர்தான்.

தலைவரின் பெயருக்கு ஒரு வேலை உண்டு. அதைக் குறைவாக எண்ணக் கூடாது. ஊர் பேர் தெரியாதவர்களிடம் யாரும் 25 ரூபாய் கொடுக்க மாட்டார்கள். தேவரின் பெயரைக் கண்டு நம்பிப் பணம் போட்டார்கள். இயக்குநர்கள் அந்தப் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்க வேண்டியவர்கள். சட்ட ஆலோசகர் ஒப்பந்தங்களையும் வழக்குகளையும் கவனிக்க வேண்டியவர். கடலில் கப்பலும் உயிர்களும் கப்பல் தலைவன் பொறுப்பு. கரையிலிருந்து யாரும் அவன் வேலையைச் செய்ய முடியாது. இவர்கள் அனைவருக்கும் இடையில் நின்று, பங்கு விற்பதிலிருந்து கப்பல் வாங்குவது வரை ஒவ்வொன்றையும் நடத்தி முடிக்க ஒருவர் வேண்டும். வக்கீல் தொழிலின் வருமானத்தை விட்டுவிட்டு அந்த இடத்தில் வந்து நின்றார் சிதம்பரனார்.

கப்பல் வாங்கப் பம்பாய்க்குப் புறப்பட்டபோது வீட்டில் மகன் நோயுற்றிருந்தான். மனைவி மீனாட்சி அம்மையார் கருவுற்றிருந்தார் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். திரும்பினால் கப்பலோடு திரும்புவது, இல்லாவிட்டால் கடலில் விழுந்து உயிர் விடுவது என்று சூளுரைத்துப் போனாராம். நாம் அவரைப் புகழ்கிறோம். அந்த வீட்டு வாசலில் நின்ற அம்மையாரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பெண் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் மலரிலாவது அவர் பெயர் இருக்கட்டும்.

1907ஆம் ஆண்டில் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமாயின. முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர், அத்துடன் 4,000 மூட்டைச் சரக்கு என்று ஒவ்வொரு கப்பலும் சுமக்கக் கூடியது. பாரதியார் தமது இந்தியா பத்திரிகையில் இந்தக் கப்பல்களைக் கொண்டாடினார். கம்பெனியின் நோக்கங்களில் இன்னொன்றும் எழுதப்பட்டிருந்தது: நம்மவர்களுக்குக் கப்பல் ஓட்டவும் கப்பல் கட்டவும் கற்றுக்கொடுப்பது, அதற்குக் கல்விச் சாலை அமைப்பது. அக்காலத்தில் நீராவிக் கப்பல்களின் மேல் பதவிகளில் பெரும்பாலும் ஐரோப்பியரே இருந்தார்கள். கப்பலை வாங்கினால் மட்டும் போதாது, அதை நடத்தத் தெரிந்த பிள்ளைகளை உருவாக்க வேண்டும் என்று முன்கூட்டியே எண்ணியிருக்கிறார்கள். அந்தக் கல்விச் சாலை எழும்பவே இல்லை என்பதுதான் வருத்தம்.

பிறகு கட்டணப் போர். ஆங்கிலக் கம்பெனி கொழும்புப் பயணத்துக்கு ஒரு ரூபாய் என்று குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. உடனே அவர்கள் இலவசமாகவே ஏற்றிச் செல்வோம், ஏறுகிறவர்களுக்குக் குடையும் தருவோம் என்றார்களாம். மக்கள் குடைக்கு மயங்காமல் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள் என்பது நமக்குப் பெருமைதான். ஆனால் கணக்குப் புத்தகத்தைப் பிடித்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். எட்டணாக் கட்டணத்தில் நிலக்கரிச் செலவு கட்டுமா? எதிர்க் கம்பெனிக்கு எத்தனையோ துறைமுகங்களில் வேறு வருமானம் இருந்தது. தூத்துக்குடியில் நஷ்டப்பட்டாலும் தாங்கும். நம் கம்பெனிக்கு இந்த ஒரு வழிதான். கப்பல் நிறைந்திருந்தும் பெட்டி நிறையவில்லை.

அதே சமயத்தில் சிதம்பரனார் அரசியலிலும் முழுமூச்சாக இறங்கியிருந்தார். 1908ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளிகள் வேலை நிறுத்தம் செய்தபோது, அவர்களுக்கு வழிகாட்டியவர் அவரும் சுப்பிரமணிய சிவாவும்தான். அந்த ஆலை யாருடையது? எதிர்க் கம்பெனிக்கு ஏஜெண்டாக இருந்த அதே ஹார்வியாருடையது. வேலை நிறுத்தம் வெற்றி பெற்றது, கூலி உயர்ந்தது. ஆனால் அதிகாரிகளின் கோபம் இருமடங்காயிற்று. கம்பெனியில் பணம் போட்ட வணிகர்களுக்கு இது கவலை தந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர்களைக் கோழைகள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பிறர் பணத்துக்குப் பொறுப்பேற்றவர் தம் உயிரைப் பணயம் வைக்கலாம். அந்தப் பணத்தை வைக்கலாமா? மறுபக்கம், அரசியல் இல்லாத வெறும் வியாபாரமாக இருந்திருந்தால் இந்த மக்கள் எட்டணா கொடுத்து ஏறியிருப்பார்களா? இந்த முடிச்சை அவரும் அவிழ்க்கவில்லை; அவிழ்க்க அவகாசமும் கிடைக்கவில்லை.

1908ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் சிதம்பரனாரும் சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையிலும் பிறகு கண்ணூர்ச் சிறையிலும் இருந்தார். செக்கு இழுத்ததும் அந்த நாட்களில்தான்.

கம்பெனி என்ன ஆயிற்று? தலைவர் இருந்தார், இயக்குநர்கள் இருந்தார்கள், கப்பல்களும் இருந்தன. உதவிச் செயலாளர் மட்டும் இல்லை. ஒரு நிறுவனத்தில் ஒருவர் போனால் மற்றொருவர் அந்த நாற்காலியில் அமர்ந்து வேலையைத் தொடர வேண்டும். பெரிய கம்பெனிகள் அப்படித்தான் நூறாண்டு வாழ்கின்றன. இங்கே அப்படி ஓர் ஆள் உருவாகியிருக்கவில்லை. அரசின் நெருக்குதலும் நஷ்டமும் சேர்ந்துகொள்ள, 1911ஆம் ஆண்டில் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பலை விலைக்கு வாங்கியவர்கள் எதிர்க் கம்பெனியாரே என்று சொல்கிறார்கள். பாண்டித்துரைத் தேவர் மறைந்ததும் அதே ஆண்டில்தான்.

1912ஆம் ஆண்டு டிசம்பரில் சிதம்பரனார் விடுதலையானார். ஒரு காலத்தில் ஊரே திரண்டு மாலையிட்ட மனிதரை வரவேற்கச் சிறை வாசலில் மிகச் சிலரே நின்றிருந்தார்கள். வக்கீல் தொழில் செய்யும் உரிமை பறிபோயிருந்தது. சென்னையில் சில்லறை வியாபாரம் செய்து பார்த்தார். ஆங்கில நூல்களைத் தமிழாக்கினார். திருக்குறளுக்கும் தொல்காப்பியத்துக்கும் இருந்த பழைய உரைகளைப் பதிப்பித்தார். பின்னாளில் வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் உதவியால் வக்கீல் உரிமை திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல் தம் பிள்ளைக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்துச் செக்கிழுத்தவர் ஓர் ஆங்கிலேயரின் பெயரை வீட்டில் வைத்து அழைத்தார்! கோவில்பட்டியில் சில ஆண்டுகள் தொழில் செய்துவிட்டு, 1932ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கே திரும்பினார். 1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார். அவர் நூற்றாண்டான 1972இல் இந்திய அரசு தபால் தலை வெளியிட்டது. 2011ஆம் ஆண்டில் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

இறப்பதற்குச் சில காலம் முன்பு அவர் எழுதி வைத்த உயில் ஒன்று இருக்கிறது. 10 லட்சம் ரூபாய்க் கம்பெனியை நடத்தியவர் அதில் தம் கடன்களைக் குறித்து வைத்திருக்கிறார். எண்ணெய்க் கடைக்கு இவ்வளவு, துணிக் கடைக்கு இவ்வளவு, இன்ன இன்ன சில்லறைக் கடன் என்று ஒன்றுவிடாமல், அவற்றைத் தீர்த்துவிடும்படி எழுதியிருக்கிறார்.