ஏற்காட்டைக் 'கண்டுபிடித்த' தாமஸ் மன்றோ: 52 வயது வரை கல்யாணம் தள்ளிப்போனது ஏன்?

ஏற்காடு பற்றி ஆன்லைனில் தேடினால் ஒரு தகவல் திரும்பத் திரும்ப வரும். 1842-ல் சென்னை மாகாண கவர்னர் சர் தாமஸ் மன்றோ இந்த மலையைக் கண்டுபிடித்தார் என்பார்கள். சிக்கல் என்னன்னா, மன்றோ இறந்தது 1827-ல். சேர்வராயன் மலையில் மலையாளி பழங்குடி மக்கள் அதற்கும் பல தலைமுறை முன்பே வாழ்ந்து வந்தார்கள். ஆக, கண்டுபிடிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனா, அந்த வட்டாரத்தோடு மன்றோவுக்கு உண்மையான தொடர்பு உண்டு. மலைக்கு வடக்கே தருமபுரியில் 7 வருஷம் வேலை பார்த்தவர் அவர். அப்போது வயது 31 முதல் 38 வரை. கல்யாண வயதெல்லாம் அங்கேயே கடந்து போனது.

1761-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். அப்பா புகையிலை வியாபாரி. சரக்கு வந்தது அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருந்து. அங்கே சுதந்திரப் போர் வெடித்ததும் வியாபாரம் மொத்தமாகப் படுத்துவிட்டது. வசதியாக வளர்ந்த பையன், கிழக்கிந்திய கம்பெனி படையில் சாதாரண கேடட்டாக 1780 ஜனவரியில் சென்னை வந்து இறங்கினார். 18 வயது.

வந்த வருஷமே ஹைதர் அலியோடு போர். சம்பளம் குறைவு, அதிலும் ஒரு பகுதி வீட்டுக்கு. வளைகுடாவில் இருந்து மாசாமாசம் பணம் அனுப்பும் பிள்ளைகளுக்கு இது புதுக் கதையாக இருக்காது. 1789-ல் தன் தங்கைக்கு எழுதிய கடிதத்தில் அவர் நிலைமையைச் சிரிப்பும் கசப்புமாகச் சொல்லியிருக்கிறார்: தலைக்கு வைத்துப் படுக்கப் புத்தகமோ தோட்டாப் பையோதான், சட்டையில் ஒரு பக்கக் கிழிசலைத் தைக்கக் காசு சேர்ப்பதற்குள் இன்னொரு பக்கம் கிழிந்துவிடும். இந்த நிலைமையில் யாரைக் கட்டிக்கொள்வது?

ப்ரமோஷனும் ஆமை வேகம்தான். கம்பெனி படையில் திறமையைவிட சீனியாரிட்டிக்கே மதிப்பு. கேப்டன் ஆகவே 16 வருஷம் பிடித்தது.

திருப்பம் 1792-ல் வந்தது. திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் பகுதி, அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம், கம்பெனி கைக்குப் போனது. பொறுப்பேற்ற கேப்டன் ரீடின் உதவியாளர்களில் ஒருவராக மன்றோ தருமபுரிக்கு வந்தார். ஊர் ஊராகப் போய் நிலத்தை அளப்பது, விவசாயிகளோடு உட்கார்ந்து வரி பேசுவது என்று நாட்கள் ஓடின. ஜமீன்தாரை நடுவில் வைக்காமல் விவசாயியிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு விதை விழுந்தது இங்கேதான். இன்று நாம் பட்டாவுக்கு அலைவதன் பூர்வகதை அது. விவசாயிக்கு அதில் எல்லாமே நன்மை என்று சொல்ல முடியாது. வரிச்சுமை பல இடங்களில் கழுத்தை நெரித்தது. தருமபுரியில் சொந்தமாக ஒரு தோட்டம் போட்டு, அதை ஆசையாகப் பார்த்துக்கொண்டார் மன்றோ.

1799-ல் திப்பு வீழ்ந்ததும் கன்னடக் கடற்கரைக்கு மாற்றினார்கள். மனசே இல்லாமல் போனார். அடுத்து பெல்லாரி, அனந்தப்பூர், கடப்பா பக்கம் 7 வருஷம். கையில் காசு சேர்ந்தது இந்தக் காலத்தில்தான். 1807-ல் ஊருக்குக் கப்பல் ஏறும்போது வயது 46, காதும் மந்தமாகத் தொடங்கியிருந்தது. அங்கேயும் வேலை விடவில்லை. கம்பெனி சாசனத்தைப் புதுப்பிக்கும் விவாதத்தில் 1813-ல் நாடாளுமன்றத்தில் சாட்சியம் சொன்னார்.

1814 மார்ச் 30. மணமகள் ஜேன் கேம்ப்பெல், அவரைவிட வயதில் மிகவும் இளையவர். சில மாதங்களில் தம்பதி சென்னைக்குப் புறப்பட்டார்கள், நீதித்துறைச் சீர்திருத்த வேலைக்காக. அதற்குப் பிறகும் நிம்மதியாகக் குடும்பம் நடத்த விட்டார்களா என்றால், இல்லை. மராத்தியப் போர் வந்தது. 1819-ல் ஊர் திரும்பும் கப்பலிலேயே முதல் மகன் பிறந்தான். மறு வருஷமே கவர்னர் பதவி அவரைத் திரும்ப சென்னைக்கு இழுத்தது. ஏற்காட்டில் காபி வளர்த்துப் பார்த்த சேலம் கலெக்டர் காக்பர்ன், இவர் கவர்னராக இருந்த காலத்தவர்.

போதும், விடுவியுங்கள் என்று கேட்டார். பர்மா போர் வந்ததால் அதுவும் தள்ளிப்போனது. 1826-ல் இளைய மகனுக்கு உடம்பு சரியில்லாமல் போக, ஜேன் குழந்தையோடு இங்கிலாந்துக்குக் கிளம்பினார். மன்றோ தனியாகத் தங்கினார்.

பதவியை விட்டுப் போவதற்கு முன், பழைய கடப்பா, பெல்லாரி சீமை மக்களை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று 1827-ல் பயணம் கிளம்பினார். வழியில் காலரா. ஜூலை 6-ம் தேதி, இன்றைய கர்னூல் மாவட்டத்தில் உள்ள பத்திகொண்டாவில் உயிர் பிரிந்தது. அவருக்குப் பதிலாக நியமிக்கப்பட்ட லஷிங்டன் சென்னையில் பொறுப்பேற்றது அக்டோபரில்.