மணலில் தொடங்கிய பாடம்

அயன்மொழி யொன்றைக் கற்பிக்க முற்படும் ஆசிரியர்க்கு முதல் வகுப்பே பெருஞ் சோதனையாகும். ஸ்பானிய மொழியையோ ஜெர்மன் மொழியையோ பன்னிரண்டு வயதுச் சிறார்க்குத் தொடங்கி வைப்போர், பாட்டாலும் படத்தாலும் விளையாட்டாலும் அவர்தம் மனத்தை ஈர்க்க முயல்கின்றனர். நம் நாட்டுத் திண்ணைப்பள்ளி ஆசிரியரோ ஒரு கூடை மணலைக் கொண்டே அதனைச் செய்து முடித்தார். அம்மணலில் நம் சிறாரோடு சிறாராய் அமர்ந்து தமிழைத் தொடங்கிய சீகன்பால்கு ஐயர் வரலாற்றை ஈண்டு உரைக்கப் புகுகின்றோம்.

ஐயர் 1682-ஆம் ஆண்டில், ஜெர்மனி தேயத்துச் சாக்சனியிலுள்ள புல்ஸ்நிட்ஸ் என்னும் ஊரிற் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கு அனுப்ப, புளூட்சோ ஐயர் என்னுந் தோழருடன் 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அப்பொழுது அவர்க்கு 24 வயது நிரம்புந் தறுவாய்.

அந்நாளிற் கடற்கரைப் பட்டினங்களில் ஐரோப்பியரோடு பேசுதற்குப் போர்த்துக்கேசிய மொழியே பெரிதும் வழங்கிற்று. இருவரும் அதனைப் பயின்றனர். எனினும் ஊர் மக்களின் உள்ளத்தை எட்டுதற்குத் தமிழன்றி வேறு வழியில்லை யென்பதை ஐயர் விரைவில் உணர்ந்தார். கையில் இலக்கணமும் இல்லை, அகராதியும் இல்லை. ஆதலின் முதிய தமிழாசிரியர் ஒருவரை வேண்டி, அவர்தம் பள்ளிக்கூடத்தையே தாம் குடியிருந்த வீட்டிற்கு வரவழைத்துக் கொண்டார். பிள்ளைகள் தரையில் அமர்ந்தனர். பல்கலைக்கழகங் கண்ட குருமார் இருவரும் அவர்கள் நடுவே அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துக்களை வரையலாயினர்.

இம்முறையின் திறத்தைச் சிறிது நோக்குவோம். ஆசிரியர் எழுத்தின் ஒலியைச் சொல்ல, மாணாக்கர் அதனை உரக்க ஒலித்துக்கொண்டே வரைவர். காதும் வாயும் கண்ணும் கையும் ஒருங்கே தொழிற்படும். பிழை நேர்ந்தால் உள்ளங்கையாற் றடவிவிட்டு மீண்டும் எழுதலாம். ஓலை வீணாவதில்லை, அச்சமும் இல்லை. தென்பெண்ணைக் கரையிலுள்ள எம்மூராகிய மணலூர்பேட்டையிலும் முதியோர் தாம் இவ்வாறே அகரம் பயின்றதைச் சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஊர்ப்பெயரிலேயே மணலையுடைய எமக்கு இச்செய்தி தனியுவகை தருவதில் வியப்பில்லை. சென்னையில் அநாதைப் பள்ளியொன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பாரும் இவ்வழக்கத்தைக் கண்டு மேற்கொண்டு, 1797-இல் தம் நூல் வாயிலாக இங்கிலாந்து வரை கொண்டுசென்றார்.

ஆனால் மணல் எழுத்தைத் தந்ததேயன்றிப் பொருளைத் தரவில்லை. முதிய ஆசிரியர்க்குப் போர்த்துக்கேசியம் தெரியாது; ஐயர் படித்தார், படித்தது இன்னதென அறிந்திலர். பின்னர் ஐரோப்பிய மொழிகள் சிலவற்றை அறிந்த அழகப்பன் என்பவரைத் துணையாகக் கொண்ட பின்னரே அக்குறை நீங்கிற்று. அதன் பிறகு அவர் முயற்சிக்கு எல்லையில்லை. காலையும் மாலையும் ஓலைச் சுவடிகளைப் படித்தும் படிக்கக் கேட்டும் சொற்களைத் தொகுத்தார். நம் சிறார் தொடக்கத்தில் ஓதும் கொன்றை வேந்தன், உலக நீதி என்பவற்றையும் நீதி வெண்பாவையும் 1708-இல் ஜெர்மன் மொழியிற் பெயர்த்தார். வந்து இரண்டாண்டும் நிரம்பாமுன்னரே தமிழிற் பிரசங்கம் செய்தார். அவ்வாண்டிறுதியிற் கோட்டைத் தலைவரோடு நேர்ந்த பிணக்கால் ஏறக்குறைய நான்கு திங்கள் சிறையிலிருந்தும் அவர் ஊக்கம் தளரவில்லை.

அவர் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியில் அச்சிட்டு முடிந்தது. அதன் தமிழ்நடையை வீரமாமுனிவர் கடுமையாக இகழ்ந்தார். தமிழ் பயிலும் நாம் அவ்விகழ்ச்சியை முற்றும் மறுத்தற்கில்லை; கொச்சைச் சொற்கள் அதில் உள்ளன. எனினும் முனிவர் புலவரிடத்துத் தமிழைக் கொண்டார். ஐயர் பிள்ளைகளிடத்தும் தெருவினரிடத்தும் தொடங்கினார். எளியோர் செவிக்கு எட்டவேண்டிய நூலுக்கு அத்தொடக்கம் பொருந்தாத தன்றென்பது எம் கருத்து.

1716-இல் அவர்தம் தமிழ் இலக்கணம் இலத்தீன் மொழியில் ஹாலே நகரில் வெளிவந்தது. இனி வரும் அயலார், தாம் பட்ட இடரைப் படாது தொடங்குதற்கே அதனை எழுதினார். 1719 பிப்ரவரி 23-ஆம் நாள், தமது 36-ஆம் வயதில், தரங்கம்பாடியில் உயிர் நீத்தார். பழைய ஏற்பாட்டில் ரூத்தின் சரித்திரம் வரை அவர் பெயர்த்திருந்தார். எஞ்சியதை அவ்வாண்டே பின்வந்த சூல்ட்சே ஐயர் தொடர்ந்து முடித்தார்.