பரிசுத்த கொலும்பாவும் வளையச் சிலுவையும்

அயர்லாந்து, ஸ்காட்லாந்து ஆகிய நாடுகளின் பழைய கல்லறைத் தோட்டங்களில், நான்கு கைகளையும் ஒரு வளையம் தழுவி நிற்கும் கற்சிலுவைகள் காணப்படும். கெல்டிக் சிலுவை எனப்படும் இவற்றின் வரலாற்றை ஆராயப் புகுவோர், அயோனா என்னும் சிறு தீவையும் அங்கு வாழ்ந்த பரிசுத்த கொலும்பாவையும் அறிதல் வேண்டும்.

கொலும்பா கி. பி. 521-ஆம் ஆண்டளவில் அயர்லாந்தின் வடமேற்கிலுள்ள டோனிகாலில் அரச குலத்திற் பிறந்தார். அவர் பெயருக்குப் புறா என்பது பொருள். ஆயினும் இளமையில் அவர் புறாவைப் போலச் சாந்தமாயிருந்தார் என்று சொல்லுதற்கில்லை. தம் ஆசிரியரின் சங்கீதப் புத்தகத்தை மறைவாகப் படியெடுத்தார் என்றும், அதனாலெழுந்த வழக்கே 561-ஆம் ஆண்டில் பெரும் போராய் மூண்டதென்றும் கர்ணபரம்பரை கூறும். கதை எவ்வாறாயினும், போர் நிகழ்ந்ததும், அவர் குலத்தார் அதில் வென்றதும் மெய். குருமார் கூட்டமொன்று அவரைச் சபைக்குப் புறம்பாக்கத் துணிந்து, பின்னர் அதனைக் கைவிட்டது.

563-இல் அவர் பன்னிரு தோழருடன் கடல் கடந்து அயோனாவை அடைந்தார். மூன்று மைல் நீளமுள்ள அத்தீவில் மடம் அமைத்து, உழுதும், நூல்களைப் படியெடுத்தும், விருந்தினரை ஓம்பியும் வாழ்ந்தார். வடக்கே பிக்தர் வேந்தனாகிய பிரிதேயின் அவைக்கும் சென்றார். அரச குலத்தவர் தம் கையாலேயே வேலை செய்து, அந்நியரிடையே முப்பத்துநான்கு ஆண்டுகளைக் கழித்தார்.

597-ஆம் ஆண்டு ஜூன் மாதம், இறப்பதற்கு முந்திய நாளில், முதுமையால் தளர்ந்து வழியோரத்தில் அமர்ந்தார். மடத்திற்குப் பால் சுமக்கும் வெண்குதிரை அருகில் வந்து அவர் மார்பில் தலை சாய்த்துக் கண்ணீர் வடித்ததாம். விரட்ட வந்த ஊழியனை அவர் தடுத்துவிட்டார். மாலையில் 34-ஆம் சங்கீதத்தைப் படியெடுக்கையில் இடையே நிறுத்தி, எஞ்சியதைத் தம் சீடரிடம் ஒப்புவித்தார். அவர் இளைப்பாறிய இடத்தில், எந்திரக் கல்லொன்றில் ஒரு சிலுவை நாட்டப்பட்டதென்று, நூறாண்டுகளுக்குப் பின் அவர் சரிதத்தை எழுதிய அதம்னான் கூறுகிறார்.

அச்சிலுவைக்கு வளையம் இருந்ததாகச் செய்தியில்லை. எட்டாம் நூற்றாண்டில் அயோனாவில் பெருங் கற்சிலுவைகள் எழுந்தன. அவற்றுள் பரிசுத்த மார்ட்டின் பெயரிய சிலுவை இன்றும் நின்ற இடத்திலேயே நிற்கின்றது. பரிசுத்த யோவான் பெயரிய சிலுவையின் கைகளோ ஏறக்குறைய ஏழடி அகலமுடையவை. பாரந் தாங்காது அவை முறிந்தமையால் வளையம் பின்னர்ச் சேர்க்கப்பட்டதென்று அறிஞர் பலர் கருதுவர். வளையத்தைச் சூரியன் என்பாரும், நித்தியத்தின் அடையாளம் என்பாரும், வெற்றி வாகை என்பாரும் உளர். பரிசுத்த பத்திரிக்கே சூரியனையும் சிலுவையையும் இணைத்தார் என்னும் கதைக்குப் பழைய சான்று இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இச்சிலுவை அயர்லாந்தின் தேசாபிமானச் சின்னமாய்க் கல்லறைதோறும் நிலைபெற்றது. இருபதாம் நூற்றாண்டில் இனச் செருக்குடையோர் சிலர் இதன் வடிவைச் சுருக்கித் தங்கள் கொடியாக்கினர். குலப்போரை விட்டகன்று பிறநாட்டார்க்கு ஊழியஞ் செய்த ஒருவரின் தீவில் வளர்ந்த சின்னம் பகைமைக்கு அடையாளமாதல் எத்துணைப் பொருந்தாமை! சின்னத்தின் பொருளை அதனை ஏந்துவோரின் நடக்கையே நிலைநாட்டுகின்றது. சிலுவையை நம் கல்லூரிச் சுவரில் நாள்தோறும் காணும் நாம் இதனை மறவாதிருப்போமாக.