இன்ஜினியர் ஆக முடியாத தாம்சன்

பணம் கட்ட வழியில்லாம இன்ஜினியர் கனவைக் கைவிட்ட ஒரு பையன்தான் பின்னாளில் எலக்ட்ரானைக் கண்டுபிடிச்சார்னு சொன்னா நம்புவீங்களா?

ஜே.ஜே. தாம்சன் 1856-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் அருகே பிறந்தார். அப்பா புத்தகக் கடை வைத்திருந்தார். மகனை ரயில் இன்ஜின் தயாரிக்கும் கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்க்கணும்னு அவருக்கு ஆசை. அங்கே இடம் கிடைக்கிற வரைக்கும் படிக்கட்டும்னு, 14 வயசிலேயே ஓவன்ஸ் கல்லூரிக்கு அனுப்பினார். ஆனா 1873-ல் அப்பா இறந்துட்டார். பயிற்சிக்குக் கட்ட வேண்டிய பெரிய தொகைக்குக் குடும்பத்தில் வழியில்லை. உதவித்தொகை கைகொடுக்க, கணிதமும் இயற்பியலும் படித்து 1876-ல் கேம்பிரிட்ஜ் போனார். 28 வயதில் கேவண்டிஷ் ஆய்வகத்தின் பேராசிரியர் ஆனார்!

இதில் ஒரு வேடிக்கை. கருவிகளைக் கையாளுவதில் தாம்சனுக்குக் கை ஓடாது. கண்ணாடிக் குழாய்களைச் செய்து கொடுத்தது அவருடைய உதவியாளர் எவரெட்.

அப்போ கேத்தோடு கதிர்னா அலையா, துகளாங்கிறது பெரிய சண்டை. மின்புலத்தில் அது வளையலைன்னு ஹெர்ட்ஸ் சொல்லியிருந்தார். குழாயில் மிச்சமிருந்த வாயுதான் காரணம்னு தாம்சன் புரிஞ்சுக்கிட்டார். காற்றை இன்னும் நல்லா வெளியேற்றிப் பார்த்தார். கதிர் வளைஞ்சது!

மின்புலம், காந்தப்புலம் ரெண்டையும் வைத்து, துகளின் நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டார். ஹைட்ரஜன் அயனியோடு ஒப்பிட்டா அது சுமார் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனா ஒரு ஈக்வேஷன், ரெண்டு அன்னோன்! மின்னூட்டம் பெரிசா, இல்ல நிறை சிறிசா? 1897 ஏப்ரல் 30 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், அணுவை விடச் சின்ன துகள் இருக்குன்னு தைரியமா அறிவித்தார். கேட்டவர்களில் ஒருவர், இவர் நம்மளைக் கிண்டல் பண்றாரோன்னு நினைத்தாராம். 1899-ல் மின்னூட்டத்தையும் தனியா அளந்து காட்டினார். நிறைதான் சிறிசு! இன்றைய கணக்கில் அது புரோட்டானில் 1836-ல் ஒரு பங்கு.

1906-ல் நோபல் பரிசு. பிறகு நியானில் 20, 22 என ரெண்டு நிறை இருப்பதையும் கண்டார். இன்றைய மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு விதை அதுதான். எலக்ட்ரான் அலை போலவும் நடக்கும்னு காட்டி அவர் மகன் ஜி.பி. தாம்சன் 1937-ல் நோபல் வாங்கியதையும் பார்த்துட்டு, 1940-ல் மறைந்தார்.

இசிஇ, ட்ரிபிள்இ நண்பர்களே, அடுத்த தடவை லேப்ல சர்க்யூட் போடும்போது, இன்ஜினியர் ஆக முடியாத இவரையும் கொஞ்சம் நினைச்சுக்கோங்க.